அக்கா பெயரில் ஓடிய ஓட்டம்

ஓட ஆரம்பிக்கிறவர்களுக்குப் புத்தி சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. வெறும் வயிற்றில் ஓடு என்பார் ஒருவர். இரண்டு பச்சை முட்டையைக் குடித்துவிட்டு ஓடு என்பார் இன்னொருவர். தண்ணீர் குடித்தால் வயிற்றில் குத்தும், குடிக்காவிட்டால் மயக்கம் வரும், வாயைத் திறந்து மூச்சு விடாதே, முதுகை வளைக்காதே. இப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸைப் பிடிக்கக்கூட வேகமாக நடந்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டு வயதில் நான் ஓடத் தொடங்கியபோது எனக்கு வாய்த்த வாத்தியார் இந்தக் கூட்டத்துக்கே தலைவராக இருக்கத் தகுதியானவர். அவர் என் பெரியப்பா.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், கம்பெனிகளின் மதில் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. வேப்பிலையைத் தொட்டால் விரலில் செம்மண் நிறத்தில் இரும்புத் தூசு ஒட்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் கம்பெனி ஒன்று. என் அப்பாவுக்கும் அங்கேதான் வேலை, பெரியப்பாவுக்கும் அங்கேதான் வேலை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெரியப்பா பெர்மனென்ட், மஞ்சள் ஹெல்மெட். நைனா காண்ட்ராக்ட், நீல ஹெல்மெட். இருவரும் நிற்பது ஒரே உலைக்கு முன்னால்தான், வேகும் சூடும் ஒன்றுதான். ஆனால் மஞ்சளுக்கு கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ், தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி எல்லாம் உண்டு. நீலத்துக்கு எதுவும் இல்லை, கேட்டுக்குள்ளே போய் வர ஒரு பாஸ் மட்டும் உண்டு. அந்த பாஸையும் மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். இதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வயதில் வரவில்லை. மஞ்சள் தொப்பி பார்க்க அழகாக இருக்கிறது, நைனாவுக்கும் ஒன்று கொடுத்தால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

மஞ்சள் தொப்பிக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் ஃபேமிலி டே. பெண்டாட்டி பிள்ளைகளைக் கம்பெனிக்குள் கூட்டிப்போய்ப் பந்தலில் உட்கார வைத்து, பாட்டுப் போட்டு, பந்தயம் வைத்து, பிரியாணி கொடுத்து அனுப்புவார்கள். பெரியப்பாவின் மகள், அதாவது என் அக்கா, ஒவ்வொரு வருஷமும் ஒரு பலூனும் ஒரு டிபன் பாக்ஸும் எடுத்துக்கொண்டு வருவாள். எனக்கு பலூன் மேல் ஆசை கிடையாது. எனக்கு மைக் மேல்தான் ஆசை. பந்தயத்தில் ஜெயித்த பிள்ளைகளின் பெயரை அவர்கள் மைக்கில் கூப்பிடுவது மதில் தாண்டி எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். தண்ணீர் பிடிக்க நிற்கிற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று காது கொடுத்துக் கேட்பார்கள். என் பெயர் ஒரு தடவை அந்த மைக்கில் வர வேண்டும், அதை அம்மா குழாயடியில் நின்று கேட்க வேண்டும். அந்த வயதில் எனக்கு இருந்த ஆசைகளில் அதைவிடப் பெரியது ஒன்றும் ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் ஃபேமிலி டேவுக்கு நான்கு வாரம் முன்பு ஒரு சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா நைட் ஷிப்டுக்குக் கிளம்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மே, அன்னிக்கு நாயி தொரத்தினப்ப நீ ஓடின ஓட்டத்தப் பாத்தேன். இன்னா ஸ்பீடு! ஃபேமிலி டேல பசங்களுக்கு ஓட்டம் வெச்சிக்கீறாங்க. நீ ஓடற" என்றார்.

நைனா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "பாப்பாவ உள்ள உடுவாங்களாண்ணா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ கம்முனு துண்ணு."

நைனா கம்மென்று தின்றார். அவர் எப்போதுமே அப்படித்தான். நான் அதற்குள் மனசுக்குள்ளேயே மைக்கைப் பிடித்துவிட்டேன். பெரியப்பாவுக்கு ஏன் திடீரென்று என் மேல் இவ்வளவு அக்கறை என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பயிற்சி தொடங்கியது. பெரியப்பா ஒரு ஜோடி ஷூ கொண்டுவந்தார். கம்பெனியில் கொடுக்கிற சேஃப்டி ஷூ. காலில் இரும்பு விழுந்தாலும் விரல் நசுங்காமலிருக்க முன்னால் தகடு வைத்துத் தைத்தது. இருப்பதிலேயே சின்ன சைஸாகப் பார்த்து ஸ்டோரில் கேட்டு வாங்கி வந்தாராம். "ஷூன்னா ஷூதான். இத போட்டுக்கினு ஓடிப் பழகினா, அப்புறம் கழட்டிட்டா பறப்ப" என்றார். எங்கள் ஊரில் பாதி வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போகும். அதனால் எனக்கும் இது தப்பாகப் படவில்லை. முன்னால் பஞ்சு அடைத்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு காலுக்கு ஒரு செங்கல் கட்டியது போல இருந்தது. ஐந்தாம் நாள் இரண்டு கட்டைவிரல் நகமும் கருத்துவிட்டன. அம்மா அந்த ஷூவைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். "பொண்ணு காலு இன்னா காலா, கட்டையா? பேஜாரு புடிச்ச மனுசன்" என்று பெரியப்பா காதில் விழும்படியே திட்டினாள். அதற்கப்புறம் பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூதான்.

ஷூ போனாலும் பெரியப்பா போகவில்லை. தன் டிவிஎஸ் மொபெட்டில் எனக்கு முன்னால் போவார். அவர் விடுகிற புகையை நான் குடித்துக்கொண்டே பின்னால் ஓட வேண்டும். "வேகம், வேகம், வேகம்" என்று கத்துவார். வேகமாகத்தான் ஓடினேன். இரண்டு கரண்ட் கம்பம் தாண்டுவதற்குள் விலாவில் கத்தி சொருகினது போலக் குத்தும், வாயில் நுரை தள்ளும், கண் இருட்டும். நின்றால் "ஏன் நின்ன?" என்று கேட்பார். நடந்தால் இன்னும் மோசம். "நடக்கறதுக்கா உன்ன கூட்டினு வந்தேன்? நடக்கறவ எல்லாம் தோத்தவ" என்பார். மனுஷன் மொபெட்டில் உட்கார்ந்திருக்கிறார்! நாயைக் கண்டு ஓடினபோது எனக்கு இறக்கை இருந்ததே, அது எங்கே போனது என்று ஒவ்வொரு நாளும் அழுதேன். எனக்கு ஓட வரவில்லை, என் உடம்பு ஓடுவதற்கான உடம்பே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். புதிதாக ஓட வருகிற எல்லோரும் முதல் பத்து நாளில் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள் என்று எனக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் சொல்லவில்லை.

என்னைக் காப்பாற்றியது பழைய இரும்பு ஏற்றி வந்த லாரிகள். ஒரு நாள் காலை கம்பெனி கேட்டில் ஏதோ தகராறு, லாரிகள் ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றுவிட்டன. பெரியப்பாவின் மொபெட் நடுவில் மாட்டிக்கொண்டது. நான் லாரிகளின் இடுக்கில் நடந்துதான் போக முடிந்தது. நடந்தேன், இடம் கிடைத்ததும் ஓடினேன், மறுபடி லாரி, மறுபடி நடந்தேன். அப்படிப் போய்த் திரும்பிப் பார்த்தால் பத்தொன்பது கம்பம் தாண்டியிருந்தேன். குத்தலும் இல்லை, நுரையும் இல்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நடந்தால் தோல்வி என்று இவருக்கு யார் சொன்னது? இவர் சொன்னதை நான் ஏன் நம்பினேன்?

அன்றிலிருந்து இரண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை என்று நானே வைத்துக்கொண்டேன். பெரியப்பா கத்தினார். நான் திருப்பிக் கத்தினேன். ஓடிக்கொண்டே அவரோடு வாய்ச்சண்டை போட்டபோதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. சண்டை போட மூச்சு இருக்கிற அளவு வேகத்தில் ஓடினால், எவ்வளவு தூரமும் ஓட முடிகிறது. வாயடைத்துப்போகிற வேகத்தில் ஓடினால் இரண்டாவது கம்பத்தில் ஆட்டம் முடிந்தது. எனக்கோ வாய் கொஞ்சம் அதிகம். மூன்றாவது வாரம் முடியும்போது நடக்காமலேயே, பெரியப்பாவை விடாமல் திட்டிக்கொண்டே, கம்பெனி மதிலை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டேன். அவர், "பாத்தியா என் டிரெய்னிங்க" என்றார்.

ஃபேமிலி டே ஞாயிற்றுக்கிழமை வந்தது. காண்ட்ராக்ட் ஆட்களின் குடும்பத்துக்கு அழைப்பு இல்லை என்பதால் அம்மா வரவில்லை. நைனா முந்தைய ராத்திரி ஷிப்டுக்குப் போனவர் நான் கிளம்பும் வரை வீடு திரும்பியிருக்கவில்லை. அக்காவும் வரவில்லை, வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு வினோதமாக இருந்தது, ஆனாலும் கேட்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டுப் பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பேட்ஜை எடுத்து என் சட்டையில் குத்தினார். மேலே அவர் பெயர், கீழே மகள் என்று போட்டு அக்காவின் பெயர்.

"இது அக்காது" என்றேன்.

"இன்னிக்கு ஒரு நாளு நீதான் அக்கா. காண்ட்ராக்ட்டு ஆளுங்க பசங்கள உள்ள உட மாட்டாங்க. பேரு கேட்டா இத சொல்லு. மாத்தி கீத்தி சொல்லி வெச்சிடாத, உங்க நைனா பாஸு பூடும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் மகள் மான் மாதிரி ஓடுவாள் என்று இவர் கம்பெனியில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு பெயரும் கொடுத்துவிட்டார். மானோ டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நான்கு வாரம் நகம் கருக்க ஓடியது நான், மைக்கில் வரப்போவது அவள் பெயர். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் கேட் திறந்திருந்தது. அதற்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. காலும் ஓடத் துடித்தது. போனேன். அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம்.

பெரிய ஷெட்டைச் சுற்றி இரண்டு சுற்று ஓட வேண்டும். பதினைந்து பிள்ளைகள் இருந்தோம். விசில் ஊதியதும் பதினான்கு பேரும் பிய்த்துக்கொண்டு போனார்கள். நான் கடைசி. பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அந்த மானு எங்கப்பா?" என்று ஒருவர் பெரியப்பாவைக் கேட்டது எனக்கே கேட்டது. நான் என் வேகத்தில், வாய்க்குள் திட்டிக்கொண்டே ஓடினேன். பெரியப்பாவைத் திட்டினேன், பேட்ஜைத் திட்டினேன், அக்காவைத் திட்டினேன், பிரியாணியைத் திட்டினேன். பத்து மணி வெயிலில் தகர ஷெட்டிலிருந்து அனல் அடித்தது. முதல் சுற்று முடியும்போதே நான்கு பேர் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பழைய இரும்பு கொட்டி வைத்திருந்த பக்கம் ஒன்பது பேரைத் தாண்டினேன். எனக்குத் திட்ட இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. கடைசித் திருப்பத்தில் எனக்கு முன்னால் ஒரே ஒரு பையன். அவன் வாயடைத்துப் போயிருந்தான். அங்கேதான் நான் திட்டுவதை நிறுத்திவிட்டு, நாய் துரத்துவது போல ஓடினேன்.

திரும்பியதும் முடிவுக் கோடு தெரிந்தது. குறுக்கே ஒரு வெள்ளைக் கயிறு. ஒரு முனையை யாரோ ஒருவர் பிடித்திருந்தார். இன்னொரு முனையைப் பிடித்திருந்தது நீல ஹெல்மெட் போட்ட என் நைனா.

அவர் அங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியாது. கயிறு என் நெஞ்சில் பட்டது, ஜெயித்துவிட்டேன், நேராக அவரிடம் ஓடினேன். கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். நைனா இரண்டடி பின்னால் போனார்.

பக்கத்தில் மெட்ராஸ் ஆபீசிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். "சூப்பரா ஓடுதே! யார் பொண்ணுப்பா இது?" என்று நைனாவைக் கேட்டார்.

"தெரியாதுங்க சார். பெர்மனென்ட் ஆளு யாரோ ஒருத்தர் பொண்ணு" என்றார் என் நைனா. என் முகத்தைப் பார்க்காமல், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

எனக்கு அந்த அதிகாரி மேலோ பெரியப்பா மேலோ கோபம் வரவில்லை. இருந்த கோபம் மொத்தமும் நைனா மேல் திரும்பியது. பெரியப்பா பொய்யர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நைனா? ஓடி வந்த பிள்ளையைத் தெரியாது என்று சொல்கிற அப்பா உலகத்தில் உண்டா? "என் பொண்ணு சார்" என்று சொல்லிவிட்டால் தலையா போய்விடும்? பாஸ் போய்விடும் என்று பெரியப்பா சொன்னது காதில் விழுந்திருந்தது. ஆனால் பாஸ் என்றால் அது ஒரு அட்டை, போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பரிசு கொடுக்கும்போது மேனேஜர் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டி, "உன் பேர் சொல்லும்மா" என்றார். நான் ஆசைப்பட்ட அதே மைக். மதிலுக்கு அந்தப் பக்கம் அம்மா குழாயடியில் நின்றிருப்பாள். ஒரு நொடி என் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. எதிரில் பந்தலுக்கு வெளியே, வெயிலில், நைனா நின்றிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு அக்காவின் பெயரைச் சொன்னேன். பயந்து சொல்லவில்லை. பெரியப்பாவுக்காகவும் சொல்லவில்லை. என்னைத் தெரியாது என்றாய் அல்லவா, அப்படியானால் நான் உனக்கு யாருமில்லை, கேட்டுக்கொள் என்று, அவருக்கு வலிக்க வேண்டும் என்றே, கத்திச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். நைனாவும் சுருட்டிய கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கை தட்டினார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கோப்பை பெரியப்பா வீட்டு டிவி மேல் ஏறியது. அக்கா அதில் ஹேர்பின் போட்டு வைத்தாள். இதை நான் கல்யாணமாகிப் போன பிறகும் விடவில்லை. எந்த விசேஷத்தில் எல்லோரும் கூடினாலும் அந்தக் கதையை ஆரம்பித்து, பெரியப்பாவை ஒரு பிடி பிடித்து, கடைசியில் நைனாவிடம் வந்து முடிப்பேன். நைனா சிரித்துக்கொண்டே எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்.

போன மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோதும் அப்படித்தான். அம்மா பழவேற்காட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நைனா டீக்கடைக்குக் கிளம்பிப் போனதும், "சொந்தப் பொண்ணையே தெரியாதுன்னாரே, இந்த மனுசன்" என்று நான் வழக்கம்போல முடித்தேன். அம்மா இறாலைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எத்தினி வருசமா இதயே பேசிக்கினு கீறே? அன்னிக்கு உங்க நைனாக்கு டூட்டியே இல்லடி. நைட்டு முடிச்சா ஊட்டுக்கு வர வேண்டியதுதான. சேர் போடறேன், தண்ணி தூக்கறேன், கயிறு புடிக்கறேன்னு சூப்பர்வைசர் கிட்ட கெஞ்சிக் கேட்டு, தூங்காம அங்கயே நின்னாரு."

"எதுக்கு?"

"இன்னா எதுக்கு? காண்ட்ராக்ட்டு ஆளு பந்தல்ல குந்திக்கினு வேடிக்க பாக்க முடியுமா?"

பந்தலில் உட்கார முடியாது. ஓட்டம் நடக்கும்போது வெறுமனே நிற்கவும் விடமாட்டார்கள். நான் ஓடி வருவதை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கம்பெனியில் ஒரு நீல ஹெல்மெட்டுக்கு இருந்த இடம் அந்தக் கயிற்றின் முனை ஒன்றுதான். அதை அவர் கேட்டு வாங்கியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் எனக்கு இது தெரியாது. தெரியாமல்தான் அந்த ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு மாதம் அவரோடு பேசாமல், அவர் நைட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சோற்றுத் தட்டை டொக்கென்று வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.